பூட்டிய அரங்குக்குப் படிவம் ஏது?

புதுதில்லி: மண்டி ஹவுஸ் வட்டத்தைச் சுற்றி நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவுக்குள் தலைநகரின் நாடக உலகம் ஏறத்தாழ முழுவதும் அடங்கிவிடுகிறது. கமானி அரங்கு, ஸ்ரீராம் மையம், திரிவேணி கலா சங்கம், தேசிய நாடகப் பள்ளி, மூன்று தேசிய அகாதெமிகளும் குடியிருக்கும் ரவீந்திர பவன் ஆகிய அனைத்தும் அங்கே இருக்கின்றன. கலைக்கு மானியம் வழங்கும் மத்திய அரசின் அலுவலகங்களும் வெகுதொலைவில் இல்லை. இருந்தும், கரோனா காலத்தில் இந்த அரங்குகளும், நகரின் சந்துகளுக்குள் இயங்கும் இவற்றினும் சிறிய அரங்குகளும் பூட்டப்பட்டபோது, "எங்கள் அரங்கு மூடப்பட்டுவிட்டது, அதைக் காப்பாற்றிக்கொள்ள உதவுங்கள்" என்று எழுதிக் கொடுக்க உரிய படிவம் எந்த அலுவலகத்திலும் இருக்கவில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி, திரையரங்குகளை மாத இறுதி வரை மூடுமாறு தில்லி அரசு அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடே முடங்கியது. அதற்குப்பின் தளர்வுகள் ஒவ்வொன்றாக வந்தபோது மற்றத் தொழில்கள் பலவும் திறந்த பிறகே அரங்குகளின் முறை வந்தது. செப்டம்பர் 21 முதல் திறந்தவெளி அரங்குகளுக்கும், அக்டோபர் 15 முதல் பாதி இருக்கைகளுடன் மூடிய அரங்குகளுக்கும் மத்திய உள்துறை அமைச்சகம் அனுமதி அளித்தது. 2021 ஏப்ரலில் இரண்டாவது அலை வந்ததும் தில்லியில் மீண்டும் பூட்டு விழுந்தது. ஜூலை இறுதியில் பாதி இருக்கைகளுடன் திறந்து, அந்த ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி மூன்றாவது முறையாகவும் மூட நேர்ந்தது.

பாதி இருக்கை என்பது காகிதத்தில் பாதி நிவாரணம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 120 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கில் நுழைவுச்சீட்டு 200 ரூபாய் என்று கொள்வோம். எல்லா இருக்கைகளும் நிரம்பினால் ஒரு காட்சிக்கு 24,000 ரூபாய் வசூலாகும். பாதி அரங்கில் 12,000 ரூபாய்தான். ஆனால், மேடையில் பாதி விளக்கை மட்டும் எரியவிட முடியாது. ஒளியமைப்பாளர், ஒலியமைப்பாளர், வாயிற்காவலர், துப்புரவுப் பணியாளர் என ஒருவரையும் குறைக்க இயலாது. பாத்திரங்களைப் பாதியாக வெட்டி நாடகம் போடவும் முடியாது. அரங்கு பூட்டிக் கிடந்த மாதங்களிலும் கட்டட வாடகை ஏறிக்கொண்டே போனது. மின் இணைப்புக்கான நிலைக் கட்டணம், ஒரு விளக்கும் எரியாத மாதத்துக்கும் கணக்கில் சேர்ந்தது.

கடன் வாங்கியவருக்கே கடன்

மத்திய அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது சரியல்ல. 2020 மே மாதத்தில் 20 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான தற்சார்பு இந்தியா தொகுப்பை அறிவித்தது. அதன் முக்கியப் பகுதி, 3 லட்சம் கோடி ரூபாய்க்கான அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம். பிணை ஏதும் கேட்காமல் வங்கிகள் கடன் தரும். திரும்ப வராவிட்டால் அரசு பொறுப்பேற்கும். ஆனால், கடன் தொகை எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது என்பதில்தான் சிக்கல் இருந்தது. 2020 பிப்ரவரி 29-ஆம் தேதி நிலவரப்படி ஒருவருக்கு வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை புதிய கடன் கிடைக்கும் என்பதே விதி.

பெரும்பாலான சிறு அரங்குகளுக்கு வங்கிக் கடன் என்ற ஒன்றே கிடையாது. நாடகக் கொட்டகையை நம்பிக் கடன் தரும் வங்கிக் கிளை மேலாளர் அரிது. கைக்காசு, நண்பர்களின் நன்கொடை, வாடகை வருமானம் ஆகியவற்றைக் கொண்டு ஓடும் அமைப்புகள் இவை. பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தான். 2021 மார்ச் இறுதியில் திட்டத்தின் மூன்றாவது பகுதி வந்தது. விருந்தோம்பல், சுற்றுலா, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகிய துறைகளுக்கு நிலுவைக் கடனில் 40 சதவீதம் என்று வரம்பு உயர்த்தப்பட்டது. பொழுதுபோக்குத் துறை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அடிப்படை விதி மாறவில்லை. ஏற்கெனவே கடன்பட்டிருந்தவருக்கே மேலும் கடன்பட வழி கிடைத்தது.

மாநிலங்கள் சில, கலைஞர்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் வழங்கின. கர்நாடகம் 2021 மே மாதத்தில் அறிவித்த நிவாரணத் தொகுப்பில் கலைஞர் ஒருவருக்கு 3,000 ரூபாய் என்றது. மேற்கு வங்கத்தில் 2014-இல் தொடங்கப்பட்ட லோக் பிரசார் திட்டத்தின்கீழ் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைத்துவந்தது. பசித்தவருக்கு அந்தத் தொகை பயன்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால், கலைஞர் பிழைத்து வந்து ஆட வேண்டிய மேடைக்கு எதுவும் இல்லை.

இதே காலத்தில் மத்திய கலாசார அமைச்சகத்தின் சொந்த நிலைமையும் நன்றாக இல்லை. 2020-21 நிதிநிலை அறிக்கையில் அதற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 3,150 கோடி ரூபாய். கலைத்துறை நொடித்துக் கிடந்த 2021-22-ஆம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 2,688 கோடி ரூபாய். ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. அதிலும் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட தொகை தொல்லியல் ஆய்வுத் துறைக்குப் போய்விடும்.

தனியார் ஆதரவுக்கும் அந்த ஆண்டு நேரம் சரியில்லை. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க இனங்களின் பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் உண்டு. கரோனா தொடர்பான செலவுகள் அந்தக் கணக்கில் சேரும் என்று 2020 மார்ச் 23-ஆம் தேதியும், பி.எம். கேர்ஸ் நிதிக்கு அளிக்கும் நன்கொடையும் சேரும் என்று ஐந்து நாள்களுக்குப் பிறகும் மத்திய கம்பெனி விவகாரங்கள் அமைச்சகம் தெளிவுபடுத்தியது. பிரதமரின் பெயரில் உள்ள நிதிக்கும் தெருமுனையில் உள்ள நாடக அரங்குக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டிய நிலையில் ஒரு கம்பெனி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கா எழுதிய இலக்கணம்

வேறு நாடுகள் என்ன செய்தன என்பதை இங்கே பார்ப்பது பொருத்தம். பிரிட்டன் 2020 ஜூலையில் 157 கோடி பவுண்ட் மதிப்பில் கலாசார மீட்பு நிதியை அறிவித்தது. ஜெர்மனி 100 கோடி யூரோவில் தொடங்கி, மறு ஆண்டு இன்னொரு 100 கோடி யூரோவைச் சேர்த்தது. அரசு மானியத்தில் கலை வளர்ந்துவந்த நாடுகள் அவை. ஆகவே அதில் வியப்பில்லை. வியப்பு அமெரிக்கா. கலைக்கு அரசு பணம் தருவதையே சந்தேகத்துடன் பார்க்கும் அந்த நாட்டில், 2020 மார்ச்சில் சிறு இசை அரங்குகளின் உரிமையாளர்கள் ஒரு சங்கமாகத் திரண்டனர். ஜூலையில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஏமி குளோபுசாரும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜான் கார்னினும் செனட் சபையில் இணைந்து மசோதா கொண்டுவந்தனர். டிசம்பர் 27-ஆம் தேதி அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட நிவாரணச் சட்டத்தில் அது இடம்பெற்றது. 1,500 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, மறு ஆண்டு மார்ச்சில் அது 1,625 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. இது கடனல்ல, மானியம். 2019-இல் ஈட்டிய வருமானத்தில் 45 சதவீதம், அதிகபட்சம் ஒரு கோடி டாலர்.

தொகையைவிட முக்கியமானது, அச்சட்டம் அரங்குக்கு எழுதிய இலக்கணம். நிகழ்த்தும் இடமும் பார்வையாளர் அமரும் இடமும் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒலிக்கலவைக் கருவி, ஒலிபெருக்கி அமைப்பு, ஒளியமைப்பு ஆகியவை இருக்க வேண்டும். ஒலிப் பொறியாளர், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், மேடை மேலாளர், சீட்டு விற்பனை மேலாளர், பாதுகாப்பு ஊழியர் போன்றோரில் குறைந்தது இரு வகையினர் பணியில் இருக்க வேண்டும். கட்டணம் வாங்கி அனுமதிக்க வேண்டும். ஆடுபவருக்கு நியாயமான ஊதியம் கொடுக்க வேண்டும். உணவகத்தின் மூலையில் ஒருவர் கிதார் வாசிப்பதையும், அதற்கென்றே வாழும் ஓர் அரங்கையும் பிரித்துப் பார்க்க இந்த இலக்கணம் உதவியது. விண்ணப்பத்துடன் அரங்கின் தரைப் படத்தையே இணைக்கச் சொன்னார்கள்.

அங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. 2021 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்ணப்பங்களுக்காகத் திறக்கப்பட்ட இணையதளம் அன்றே செயலிழந்து மூடப்பட்டது. மீண்டும் திறந்தது ஏப்ரல் 26-ஆம் தேதி. பணம் கைக்கு வர மேலும் பல வாரங்கள் பிடித்தன. சட்டம் வந்து ஆறு மாதம் ஆகியும் பெரும்பாலோர் காத்திருந்ததால் இரு கட்சி உறுப்பினர்களும் நிர்வாகத்தைச் சாடினர். முடிவில் ஏறத்தாழ 13,000 பேருக்கு மானியம் கிடைத்தது. பலவீனமான இணையதளமும் தாமதமும் நமக்கு மட்டுமே உரியவை அல்ல என்பதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால், தாமதமாக வருவதற்கும் வராமலே இருப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

மூன்று வாசல்கள்

இந்திய அரங்கு ஒன்று மானியம் கேட்டு விண்ணப்பிக்க முடிவு செய்தால் என்ன நடக்கும்? மத்திய கலாசார அமைச்சகத்தின் மானியங்கள் பெரும்பாலும் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா என்ற ஒரே குடையின்கீழ் வருபவை. 2021-26 காலத்துக்கும் அத்திட்டம் தொடர அனுமதிக்கப்பட்டது. அதனுள் ஓர் அரங்கு தட்டிப் பார்க்கக்கூடிய வாசல்கள் மூன்று.

முதலாவது, குரு-சிஷ்ய பரம்பரை மானியம். முன்பு நாடக வட்டாரத்தில் 'சம்பள மானியம்' என்று அறியப்பட்டது இதுதான். குருவுக்கு மாதம் 15,000 ரூபாய். சீடர்களுக்கு வயதுக்கேற்ப அதிகபட்சம் 10,000 ரூபாய். ஹபீப் தன்வீரின் நயா தியேட்டர், மணிப்பூரில் ரத்தன் தியாம் கட்டியெழுப்பிய கோரஸ் ரெபர்ட்டரி போன்ற குழுக்கள் நடிகர்களை முழுநேரமாக வைத்துக்கொள்ளும் மரபுக்கு இவ்வகை மானியமே துணை. ஆனால், இது குழுவுக்கு உரியது. தனக்கென நாடகக் குழு வைத்துக்கொள்ளாமல், வாரம் ஒரு குழுவுக்கு மேடை தரும் அரங்கில் குருவும் இல்லை, சீடரும் இல்லை.

இரண்டாவது, நிகழ்ச்சிகளுக்கும் தயாரிப்புகளுக்குமான மானியம். சாதாரணமாக 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இது விழா நடத்த, கருத்தரங்கு கூட்ட, நாடகம் தயாரிக்க உதவும். 2021 ஜூனில், நேரில் நடத்த இயலாத நிகழ்ச்சிகளை இணையவழியில் நடத்தியும் இம்மானியங்களைப் பெறலாம் என்று அமைச்சகம் நெறிமுறை வெளியிட்டது. கலைஞர்களுக்கு அது உதவிகரமான முடிவு. ஆனால், வீட்டுக் கூடத்திலிருந்து கைப்பேசியில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிக்கு அரங்கு தேவையில்லை. நிவாரணமே அரங்கைத் தாண்டிப் போய்விட்டது.

மூன்றாவது வாசல்தான் பெயரளவிலாவது அரங்குக்கு உரியது. சிறு அரங்குகளையும் உள்ளடக்கிய கட்டட மானியம் அது. பெருநகரங்களில் 50 லட்சம் ரூபாய் வரை, ஏனைய ஊர்களில் 25 லட்சம் ரூபாய் வரை. புதிதாகக் கட்டலாம், விரிவாக்கலாம், ஒலி ஒளிக் கருவிகள் வாங்கலாம். ஆனால், தொடர் செலவுகளுக்கு இம்மானியம் இல்லை. அவை மானியம் பெறும் அமைப்பின் பொறுப்பு. வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம் என அரங்கை மூச்சுவிடச் செய்பவை அனைத்தும் இந்தத் தொடர் செலவுக்குள் அடங்கிவிடுகின்றன.

அரசின் இந்தச் சுபாவம் புதிதல்ல. 1961-இல் தாகூர் நூற்றாண்டையொட்டி மாநிலத் தலைநகரங்களில் அரங்குகள் எழுந்தன. ஹைதராபாதின் ரவீந்திர பாரதி, பெங்களூரின் ரவீந்திர கலாக்ஷேத்ரா ஆகியவை அந்த வரிசையில் வந்தவை. 150-ஆவது ஆண்டையொட்டி தாகூர் கலாசார வளாகங்கள் திட்டம் வந்தது. ஒரு வளாகத்துக்குச் சாதாரணமாக 15 கோடி ரூபாய் வரை மத்திய உதவி. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். மின்கட்டணம் செலுத்தியதற்குக் கல்வெட்டு வைக்கும் வழக்கம் எந்தக் கட்சி ஆட்சியிலும் இல்லை.

கோப்பு தயாராகும் விதம்

இருந்தாலும் அரங்கின் நிர்வாகி மூன்றாவது வாசலில் நிற்கத் துணிகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேடைப் பலகைகளை மாற்ற வேண்டும், பழைய மின்கம்பிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக அமைக்க வேண்டும். நோக்கம் நியாயமானது. இனி கோப்பு.

முதலில், அரங்கு எவருடையது? தனிநபர் உடைமையாக இருந்தால் இங்கேயே முடிந்தது. 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்யப்பட்ட, லாப நோக்கமற்ற அமைப்பாக இருக்க வேண்டும். பதிவாகிக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ், சங்க விதிகள், நிர்வாகக் குழுவினர் பட்டியல், மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். நீதி ஆயோகின் தர்ப்பண் தளத்தில் பதிவு செய்து தனி எண் பெற வேண்டும். அரசுப் பணம் வருவதற்கான பி.எஃப்.எம்.எஸ். அமைப்பில் வங்கிக் கணக்கைச் சேர்க்க வேண்டும். கரோனா ஆண்டுகளில் இவற்றோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. வருமான வரி விலக்குக்கான 12ஏ, 80ஜி பதிவுகளை வைத்திருந்த எல்லா அமைப்புகளும் 2021 ஏப்ரலிலிருந்து மறுபதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டதிலிருந்தே எத்தனை பேர் திணறினர் என்பதை ஊகிக்கலாம்.

அடுத்தது இடம். கட்டட மானியத்துக்கு நிலத்தின் உரிமை அல்லது நீண்டகாலக் குத்தகைக்கான ஆவணம் வேண்டும். தில்லியின் சிறு அரங்குகள் பல, வீட்டின் கீழ்த்தளத்திலோ பழைய கிடங்கிலோ மாத வாடகைக்கு இயங்குபவை. பதினொரு மாத ஒப்பந்தத்தைக் காட்டி 25 லட்சமோ 50 லட்சமோ கேட்க முடியாது. வாடகை இடத்தில் அரசுப் பணத்தில் மேடை போட்டால் மறுநாள் அது வீட்டுக்காரருக்குப் போய்விடும் என்ற அரசின் அச்சத்தையும் குறை சொல்வதற்கில்லை.

பிறகு தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. 1997 ஜூன் 13-ஆம் தேதி உபஹார் திரையரங்கில் 59 பேரைப் பலிகொண்ட தீ விபத்தை தில்லி மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால், சான்று பெறுவதற்குத் தேவையான இரண்டாவது வெளியேறும் வழியையும் புதிய மின்கம்பிகளையும் அமைக்கத்தான் அந்த நிர்வாகி மானியமே கேட்கிறார். சான்று இல்லாமல் மானியம் கிடைப்பது கடினம். மானியம் இல்லாமல் சான்று கிடைப்பது அதைவிடக் கடினம்.

கடைசியாகக் கையெழுத்திட வேண்டிய பத்திரம். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகளின்படி, நிபந்தனைகள் மீறப்பட்டால் தொகையை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியுடன் திருப்பித் தருவதாக நிர்வாகக் குழு உறுப்பினர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பிணைந்து எழுதித் தர வேண்டும். மானியத்தில் ஈட்டப்படும் வட்டி இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கிய விளக்கை அரசின் அனுமதியின்றி விற்கக் கூடாது. தணிக்கைத் துறைத் தலைவர் கேட்டால் கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்ட வேண்டும். வரிப்பணம் என்பதால் இவை அனைத்தும் முறையான நிபந்தனைகளே. ஆனால், பகலில் பள்ளி ஆசிரியராகவும் வங்கி எழுத்தராகவும் வேலை பார்த்துவிட்டு மாலையில் அரங்கை நடத்தும் ஆறேழு பேர், தங்கள் சொந்தப் பொறுப்பில் இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட எத்தனை முறை யோசிப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணம் வந்த பின்பும் கோப்பு மூடப்படுவதில்லை. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள், 12-ஏ என்னும் படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். முந்தைய தொகைக்குச் சான்றிதழ் தராமல் அடுத்த தொகை வராது. 2020 மார்ச் கடைசி வாரத்தில் நடக்கவிருந்த விழாவுக்காக மானியம் பெற்றிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். விழா நடக்கவில்லை, முன்பணமாகக் கொடுத்த தொகைகள் திரும்பவில்லை, நடக்காத விழாவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழில் எதை எழுதுவது?

இழப்பை நிரூபிப்பது எப்படி?

அமெரிக்கா போன்று ஒரு நிவாரணத் திட்டத்தை இந்தியா அன்று அறிவித்திருந்தாலும், நம் அரங்குகளால் விண்ணப்பிக்க முடிந்திருக்குமா என்பது சங்கடமான கேள்வி. 2019-இல் எவ்வளவு வருமானம், 2020-இல் எவ்வளவு என்று காட்டுவதே அத்தகைய விண்ணப்பத்தின் உயிர். இங்கே 500 ரூபாய் வரையிலான நாடக, நடன, இசை, சர்க்கஸ் நுழைவுச்சீட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. 2018 ஜனவரி வரை அந்த வரம்பு 250 ரூபாயாக இருந்தது. சேவைகளில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர் பதிவு செய்யவே வேண்டியதில்லை. சிறு அரங்குகளுக்குக் கிடைத்த நல்ல சலுகைதான் இது. ஆனால், வரி இல்லாததால் வரிக் கணக்கும் இல்லை. வாசலில் மேஜை போட்டுப் பணம் வாங்கிச் சீட்டுக் கிழித்தவரிடம் அரசு ஏற்கும் ஆதாரம் ஏதும் இல்லை.

தில்லிக்கே உரிய இன்னொரு வழக்கமும் இங்கே குறுக்கிடுகிறது. பணம் கொடுத்து நாடகம் பார்ப்பதைவிட, அழைப்பிதழோ 'பாஸோ' பெற்றுப் பார்ப்பதே இங்கே பலருக்குக் கௌரவம். தூதரகம், அகாதெமி, அரசு நிறுவனம் என்று புரவலர் எவரேனும் செலவை ஏற்றுக்கொள்ள, பார்வையாளர் இலவசமாக உட்காருவார். கட்டணமே வாங்காத காட்சி நடக்கவில்லை என்றால், கணக்குப்படி இழப்பு எதுவும் இல்லை.

கூடாரத்தில் நடப்பவற்றின் நிலை இதைவிட மோசம். 1920-இல் தொடங்கப்பட்ட கிரேட் பாம்பே சர்க்கஸ், தனது நூறாவது ஆண்டில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டின் மன்னார்குடியில் கூடாரமடித்து அங்கேயே சிக்கிக்கொண்டது. கலைஞர்கள், விலங்குகள், பறவைகள் என அனைவருக்குமான உணவு ஊர் மக்களின் தயவில் நடந்தது. சிங்கம், புலி, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சிக்குப் பயன்படுத்த 1998-இல் தடை வந்து, 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகு, மனித உடலின் திறனைப் பெரிதும் நம்பித் தப்பிவந்த தொழில் அது. மாதத்துக்கு ஓர் ஊர் மாறும் கூடாரம், நிலத்தின் குத்தகைப் பத்திரத்தை எங்கிருந்து கொண்டுவரும்? வங்கத்தின் ஜாத்ரா குழுக்களுக்கும் இதே கேள்விதான். கொல்கத்தாவின் சித்பூரில் அவர்களுக்கு முன்பதிவு அலுவலகம் உண்டு. அரங்கு என்பதோ அறுவடை முடிந்த வயல்.

அரசு பணம் தரத்தான் வேண்டுமா என்று கேட்போரும் உண்டு. அவர்கள் கேட்பதில் பொருளில்லாமல் இல்லை. யாருக்கு மானியம் என்பதை ஒரு குழு முடிவு செய்யும்போது, அந்தக் குழுவை யார் நியமிக்கிறார்கள் என்ற கேள்வி பின்தொடரும். ஆட்சியாளர்களைக் கேலி செய்யும் நாடகத்துக்கு மேடை தரும் அரங்கு, அடுத்த தவணைக்காகக் காத்திருக்கும் நிலையில் இருப்பது நல்லதல்ல. மும்பையில் 1978 முதல் இயங்கும் பிருத்வி, பெங்களூரில் 2004 முதல் இயங்கும் ரங்க சங்கரா ஆகியவை அறக்கட்டளை, நுழைவுக் கட்டணம், புரவலர் என்ற வழியில் தங்கள் பெயரைச் சம்பாதித்தவை. ஆனால், அவற்றைப் போன்ற பெயரும் புரவலரும் எல்லா ஊர் அரங்குக்கும் வாய்ப்பதில்லை. தவிரவும், அரங்கை மூடியது சந்தையல்ல, அரசின் ஆணை. விமான நிலையமும் உணவகமும் திறந்த பிறகும் அரங்கைத் திறக்கக் கூடாது என்று பொதுநலன் கருதி உத்தரவிட்டவர், அதனால் நேர்ந்த இழப்பில் ஒரு பங்கை ஏற்பது தர்மம் ஆகுமா ஆகாதா என்பதே நாடாளுமன்றத்தில் விரிவாகப் பேசப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.

பேசப்படாததற்கு ஒரு காரணம், அரங்கு எந்த அமைச்சகத்தின் பிள்ளை என்று எவருக்கும் தெரியாமல் இருப்பதுதான். திரையரங்குகளைத் திறப்பதற்கான நெறிமுறையைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்டது. கலை நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை கலாசார அமைச்சகத்திலிருந்து வந்தது. கூடுவோர் எண்ணிக்கையை உள்துறை முடிவு செய்தது. சீட்டுக்கு வரி நிதித் துறையின் கணக்கு. கட்டடம் நகராட்சியின் கணக்கு. இந்தியாவில் நாடகமும் இசையும் நடக்கும் அரங்குகள் எத்தனை என்ற எண்ணிக்கையை எடுக்கும் பொறுப்பு இவர்களில் ஒருவருக்கும் இல்லை. எண்ணிக்கை இல்லாத ஒன்றுக்கு நிதி ஒதுக்குமாறு எந்த அதிகாரியும் குறிப்பு எழுத மாட்டார்.

தில்லியில் அரங்குக்கு உரிமம் வழங்குவது பல்லாண்டுகளாகக் காவல்துறையின் வேலையாக இருந்தது. நாடகத்தைச் சட்டம்-ஒழுங்குப் பிரச்சினையாகவே கருதிய ஆங்கிலேயர் கால மனப்போக்கின் மிச்சம் அது. நாடகங்களைத் தடை செய்ய வகை செய்த 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்யவே 2018 வரை காலம் பிடித்தது. 2025 ஜூனில் விடுதி, உணவகம், நீச்சல்குளம், அரங்கு உள்ளிட்ட ஏழு வகைகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் தில்லி காவல்துறையிடமிருந்து விலக்கப்பட்டு, உள்ளாட்சி அமைப்புகளிடம் விடப்பட்டது. கோப்பில் காவல்துறை உரிமத்தின் நகல் இருந்த இடத்தில் இனி மாநகராட்சியின் தாளை வைக்க வேண்டும். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றை வாங்க வேண்டிய வேலை அப்படியே இருக்கிறது.